கடலா கெடக்கு

தையல்நாயகி தன் சொந்த வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகை இயக்கிய குற்றத்துக்காகப் பிடிபட்டாள்.

பிடித்தது ஆள் இல்லை. ஆளாக இருந்திருந்தால் அவள் வாயிலிருந்து தப்பித்திருக்க மாட்டான். தென்னை உயரத்தில் ஒரு ட்ரோன் வந்து நின்றது. அந்தக் காலத்து வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலை அதற்கு வைத்திருந்தார்கள்.

“விசைப்படகு உரிமையாளரின் கவனத்துக்கு. மீன்களின் இனப்பெருக்கக் காலத்தில் இழுவலை இழுப்பது தண்டனைக்குரியது. உடனடியாகக் கரை திரும்பவும்.”

அவள் வண்டியை நிறுத்திப் பின்னால் பார்த்தாள். கொத்துக்கலப்பை இருந்தது. அதுதான் இழுவலை போலிருக்கிறது. முன்தினம் பெய்த கோடை மழையில் மண் பதமாக இருந்தது. இந்த ஓர் உழவை விட்டால் மேலேறிய உப்பு கீழே இறங்காது. உப்பு இறங்காவிட்டால் குறுவை கிடையாது.

“எந்தக் கரைக்குத் திரும்பச் சொல்றே?”

“அருகிலுள்ள கரை மேற்கே மூன்று கிலோமீட்டரில் உள்ளது.”

அவள் கிழக்கே பார்த்தாள். சவுக்குத் தோப்புக்கு அப்பால், இருக்க வேண்டிய இடத்தில்தான் கடல் இருந்தது. மேற்கே பார்த்தாள். மாரியம்மன் கோயில், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், பக்கிரிசாமியின் டீக்கடை. இவற்றில் எது கப்பல், எது பவளப்பாறை என்று அவளுக்கு விளங்கவில்லை.

“மீனு எங்கயாச்சும் முட்டையிட்டிருந்தா கைகாட்டு. ஒதுக்கி ஓட்டறேன்,” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

மீதி வயலை உழுது முடிக்கும்வரை அது தலைக்கு மேலேயே நின்று எச்சரித்துக்கொண்டிருந்தது. நிழல் விழும் அளவுக்குப் பெரிதாக இல்லை என்பதுதான் அதன்மேல் அவளுக்கிருந்த ஒரே குறை.

நுணாக்குடிப் பஞ்சாயத்தின் தலைவி அவள். அதாவது, அன்று காலைவரை.

டிராக்டரை விட்டிறங்கி டீக்கடைக்கு வந்தபோது ஊரில் பாதி அங்கே நின்றது. மினி பஸ் எல்லைப் பாலத்தோடு திரும்பிப் போய்விட்டதாம். ஓட்டுநர் இல்லாத பஸ். சண்டை போடவும் ஆளில்லை. ‘நிலம் இங்கே முடிவடைகிறது, பயணத்துக்கு நன்றி’ என்று சொல்லி எல்லாரையும் இறக்கிவிட்டதாம்.

“வாங்க தலைவரம்மா,” என்றார் பக்கிரிசாமி. “கடலுக்குத் தலைவின்னா இனிமே உங்களக் கடலம்மான்னு கூப்புடலாமா?”

“அண்ணே, மொதல்ல டீயக் குடுங்க. கடல் தண்ணில போட்டீங்களா, நல்ல தண்ணிலதானே?”

பக்கிரிசாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் எதையும் உள்ள அளவில் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. அவர் வீட்டில் எலி வந்தால் அது பெருச்சாளி. பெருச்சாளி வந்தால் பன்றிக்குட்டி. நல்ல மனுசர். டீ மட்டும்தான் அவர் கையில் அளவு குறையும்.

டீ பாதி குடித்திருக்கும்போது ரிஸ்வானா நடந்து வந்தாள். நாகூர்க்காரி, வயல்களில் நட்டிருக்கும் ஈரம் பார்க்கும் கருவிகளையும் உப்பு பார்க்கும் கருவிகளையும் பழுது பார்க்கும் பொறியாளர். அவளுடைய இலாகா வண்டியும் பாலத்தைத் தாண்ட மறுத்துவிட்டதால், வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. தையல்நாயகி பேச்சுக் கொடுப்பதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பகையாளியே படியேறினாலும் முதலில் தண்ணீர், பிறகுதான் ‘எங்க வந்தே’ என்ற கேள்வி.

ரிஸ்வானா குடித்து முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

“அக்கா, உங்க ஊரக் கடல்னு போட்டுடுச்சு.”

“யாரு?”

“ஐந்திணை.”

நிலம் நிலைகொள்ளாமல் போன காலம் அது. ஆறு ஓர் ஆண்டு வீட்டுக்குள் வந்தது. மறு ஆண்டு ஆற்றுக்குள்ளேயே வரவில்லை. ஓரிடத்தில் கடல் ஏறியது, இன்னோரிடத்தில் மண் மேடிட்டது. ஒரு வரைபடத்தை அச்சடித்து முடிப்பதற்குள் அது பொய்யாகிவிட்டது. எனவே, தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வரைபடம் ஒன்றைச் செய்து, அதற்கு ஓர் இயந்திர மூளையும் வைத்து, ஐந்திணை என்று பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டுவதில் நம்மை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது. ஒவ்வோர் ஊரையும் அது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று வகைப்படுத்தும். திணை மாறினால் சட்டமும் தானாக மாறும். இந்த ஐந்துக்கும் வெளியே இன்னொரு வகை உண்டு: கடல். கடலுக்கு மக்கள் கிடையாது, பட்டா கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது.

“ஏம் புள்ள, உன் கருவி என்னா சொல்லுது? இங்க கடலா இருக்கு?”

“கருவி சொல்லலக்கா. பாதிக் கருவிய ஆடு மேஞ்சிடுச்சு. மேலேர்ந்து பாக்கற சாட்டிலைட்டுக்கு மழைக்காலத்துல மேகம் மறைச்சிடும். அதனால அது மனுசங்க சொல்றத நம்பும்.”

“எந்த மனுசன் சொன்னான்?”

ரிஸ்வானா தயங்கினாள். பிறகு கைபேசியை மேசைமேல் வைத்துத் தட்டினாள். ‘குறைகேள்’ எண்ணுக்கு இத்தனை வருடங்களில் நுணாக்குடியிலிருந்து போன அழைப்புகள் ஒவ்வொன்றாகப் பேசின.

“சார், வயலெல்லாம் கடலா கெடக்கு சார்.”

“ஊரே கடலா கெடக்கும்மா, வந்து பாருங்க.”

“எங்க பாத்தாலும் கடலுதாங்க. கரையே தெரியல.”

பெரும்பாலும் பக்கிரிசாமியின் குரல். ஆனால் அவர் மட்டும் இல்லை. சோமசுந்தரம் இருந்தார், தையல்நாயகியின் நாத்தனார் இருந்தாள். கடைசியில், நான்கு ஐப்பசிக்கு முந்திய வெள்ளத்தில், தொண்டை கிழிய தையல்நாயகியே இருந்தாள்: “பயிரெல்லாம் முத்துக்குளிச்சுட்டுக் கெடக்கு சார், கடலாப் போச்சு சார்.”

“இத வெச்சு முத்து விளையும் பகுதின்னும் ஒரு குறிப்பு எழுதியிருக்கு,” என்றாள் ரிஸ்வானா.

பக்கிரிசாமி ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே பாப்பா,” என்றார் கடைசியில். “கணுக்கால் தண்ணின்னா எவன் வர்றான்? இடுப்பளவுன்னா வி.ஏ.ஓ. வருவாரு. கடல்னு சொன்னாத்தான் தாசில்தார் ஜீப்பு வரும். எங்கள அப்படிச் சொல்ல வெச்சதே அவுங்கதானே?”

“அதுக்குப் பேச்சுக்குச் சொல்றது எதுன்னு தெரியாது மாமா.”

“சரி, கடலாவே இருந்துட்டுப் போறோம். அதனால என்னா இப்ப?” என்றாள் தையல்நாயகி.

ரிஸ்வானா கிழக்கே கைகாட்டினாள். “உப்பு மதகுக்கா.”

வடிகால் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் மதகு அது. ஓதம் ஏறும்போது கடல் உள்ளே வராமல் அதன் இரும்புப் பலகைகள்தான் தடுத்துக்கொண்டிருந்தன. ஊரின் உயிர் அந்தப் பலகைகளில் இருந்தது.

“கடலுக்கும் கடலுக்கும் நடுவுல எதுக்குக் கதவுன்னு அது கேக்குது. தடைக்காலம் முடியற அன்னிக்குப் பலகையெல்லாம் மேல தூக்கிடும். நிரந்தரமா.”

“அப்ப நெசமாவே கடலாயிடும்.”

“ஆமாக்கா. அப்புறம் ஐந்திணை சொன்னது சரின்னு ஆயிடும்.”

அதற்கப்புறம் நடந்தவற்றைச் சொன்னால் கதை விடுகிறோம் என்பீர்கள். ரேஷன் கார்டுக்கு ஒன்று வீதம் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள் வானத்திலிருந்து விழுந்தன. பெண்கள் அவற்றைத் தலையணையாக்கினார்கள். ஆடுகள் தின்று பார்த்துத் துப்பின. பள்ளிக்கூடம் மூடப்பட்டது, கடலில் பிள்ளைகள் நீந்தலாமே தவிரப் படிக்க முடியாது என்பதால்.

தையல்நாயகி ஊரைத் திரட்டிக் குறைகேள் எண்ணுக்கு அழைக்க வைத்தாள். “நாங்க நல்லாருக்கோம். இது நெலந்தான். கடல் இல்ல.”

நம்பவில்லை. நல்லாயிருக்கிறோம் என்று சொல்பவர்களுக்கு அதில் ஏதோ ஆதாயம் இருக்கும் என்று ஐந்திணைக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். புகார் மட்டும்தான் உண்மை. சரி, புகாரே சொல்வோம் என்று, “ஊருல சொட்டுத் தண்ணி இல்ல, தொண்டை காயுது,” என்று அழுது பார்த்தார்கள். கடலில் தத்தளிப்பவர்கள் குடிநீர் கேட்பது இயல்பு என்று பதில் வந்தது. அருகில் வரும் கப்பலுக்குக் கைகாட்டும்படி ஆலோசனையும் வந்தது.

ஊர் சிரித்தது. சிரிக்கக் கூடியதாக இருந்தவரை சிரித்தது.

வைகாசியில் ஒரு பகல். பக்கிரிசாமியின் அண்ணன் சோமசுந்தரத்துக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வந்தது, எல்லைப் பாலத்தில் நின்றுகொண்டது. அதிலும் ஓட்டுநர் இல்லை. மீட்புப் படகு புறப்பட்டுவிட்டது, பதற்றம் வேண்டாம் என்று அது பாலத்திலிருந்து அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் அவரைக் கிடத்தி நால்வர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தையல்நாயகி கட்டிலோடு ஓடி அவர் கையைப் பிடித்திருந்தாள். ஆம்புலன்ஸின் கதவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அந்தக் கை கனத்தது.

இறப்புச் சான்றிதழ் மறுநாளே வந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாத வேகம். ‘கடலில் மறைந்தார். உடல் கிடைக்கவில்லை.’ உடல் நடுக்கூடத்தில், தலைமாட்டில் விளக்கோடு இருந்தது.

பக்கிரிசாமி அந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவர் எதையும் பெரிதாக்கிச் சொல்லவில்லை. வந்தது எலி என்றால் எலி என்றார். ஊருக்கு அதுதான் பயமாக இருந்தது.

விழா அறிவிப்பு அடுத்து வந்தது. ‘நிலமகள் கடலன்னையின் மடிசேர் பெருவிழா.’ ஐந்திணையை உருவாக்கிய இயக்குநர், முனைவர் கபிலவாணன், தடைக்காலம் முடியும் அன்று தம் திருக்கரத்தால் மதகின் பொத்தானை அழுத்துவார். தூய தமிழ் தவிர வேறொன்றும் பேசாதவர் என்று பெயர் வாங்கியவர். தூங்கும்போது குறட்டைகூடச் சந்திப்பிழை இல்லாமல் விடுவார் என்று அவர் அலுவலகத்திலேயே பேசிக்கொள்வார்களாம்.

“நாளைக்கு நடக்கற விழாவ நிறுத்த முடியாதுக்கா,” என்றாள் ரிஸ்வானா. துக்க வீட்டுக்கு வந்தவள், தையல்நாயகியோடு பஞ்சாயத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். “அவரு ஒருத்தர் சொன்னா மட்டுந்தான் திணை மாறும்.”

“அவரு ஏன் சொல்லப்போறாரு?”

“சொல்ல மாட்டாரு. ஆனா அவரு ஒரு விதி எழுதி வெச்சிருக்காரு. ஆய்வு அலுவலரு, அதாவது அவருதான், நேருல நின்னு வாயத் தொறந்தா, அது ஆயிரம் பேரு சொன்னதுக்குச் சமம். அவரு சொல்லுல பிழை வராதுன்னும் ஒரு வரி இருக்கு. சட்டைக் காலர்ல ஒரு மைக்கு எப்பவும் எரிஞ்சிட்டே இருக்கும்.”

தையல்நாயகி நிமிர்ந்தாள். “அவரு புகார் சொன்னாலும் எடுத்துக்குமா?”

“புகாரத்தானேக்கா அது எடுத்துக்கும்.”

“என்னா புகார் சொன்னா நெலமாவோம்?”

ரிஸ்வானா கொஞ்சம் யோசித்தாள். “பாலைன்னு ஆனா மதகு தொறக்காது. ஒரு சொட்டையும் வெளிய விடாதேன்னு இன்னும் இறுக்கி மூடும். ஆனா அவரு எதுக்கு இத பாலைவனம்னு சொல்லப்போறாரு?”

“விழாவுக்குப் பந்தல், தண்ணி, சாப்பாடெல்லாம் எப்படி வருது?”

“ஐந்திணைதான் ஏற்பாடு.” சொல்லிக்கொண்டே ரிஸ்வானா கைபேசியைப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “கடல் வழியா அக்கா. படகுல.”

“அவரு காரு?”

“பாலத்தோட நின்னுடும்.”

வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. தையல்நாயகி மூலையில் இருந்த மண்பானையைப் பார்த்தாள். அதன்மேல் சொம்பு கவிழ்த்திருந்தது. தான் செய்யப்போவது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. பட்டினி போடலாம், பழிவாங்கலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது எப்படி?

“இன்னொன்னும் சொல்லிடறேன்க்கா,” என்றாள் ரிஸ்வானா. “ஐந்திணை சொல்றது முழுப் பொய்யில்ல. என் கருவிங்க சொல்லுது, உப்பு வருசா வருசம் உள்ள வருது. நாப்பது வருசமோ அம்பது வருசமோ, ஒருநாள் நெசமாவே வரும்.”

“வரட்டும். வர்றப்ப எதிர்ல நின்னு பாத்துக்கறோம். வராத கடலுக்கு எவன் கதவத் தொறந்துவிடறது புள்ள?”

அன்று மாலை ஊர்க்கூட்டத்தில் அவள் சொன்னது சுருக்கமாக இருந்தது. நாளைக்கு யார் வீட்டுப் பானையும் நிமிர்ந்திருக்கக் கூடாது. இளநீர்க் குலை வாசலில் தெரியக் கூடாது. ஒருத்தரும் வாயைத் திறந்து பொய் சொல்ல வேண்டாம். கையை மட்டும் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

“பாவமில்லியா?” என்று கேட்டாள் அவள் நாத்தனார்.

பக்கிரிசாமிதான் பதில் சொன்னார். “பாவந்தான். செய்வோம்.”

கத்திரி முடிந்து நாளாகியும் வெயிலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கடலுக்குச் சாலை போட முடியாது என்று பாதியில் விட்ட பாதையில் கணுக்கால் வரை புழுதி கிடந்தது. முனைவர் கபிலவாணனின் கார் எல்லைப் பாலத்தில் நின்று, கடல் பயணத்துக்கு வாழ்த்துச் சொல்லி அவரையும் இரண்டு உதவியாளர்களையும் இறக்கிவிட்டு, பாதுகாப்பான மேட்டு நிலத்துக்குத் தானாகப் போய்விட்டது. அவருடைய தண்ணீர்க் குப்பி அதன் இருக்கையில் இருந்தது. விழாப் பந்தலும் குடிநீர்ப் பெட்டிகளும் ஏறிய படகு, ஊருக்குள் வர வழி தேடி எங்கோ மணல்திட்டில் தரைதட்டி நின்றது.

அவர் நடந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. காலரில் பொட்டுபோல நீல விளக்கு. பாதி வழியில் துண்டு தலைக்கு ஏறியது. முக்கால் வழியில் செருப்பின் வார் அறுந்தது. பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்; யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை.

உப்பு மதகின் மேடையில் தையல்நாயகி காத்திருந்தாள். வெயிலில் அவளும் நின்றாள். ஊரும் நின்றது. நிழல் தரும் ஒன்றும் அங்கே இல்லை. ரிஸ்வானா பொத்தான் பெட்டியின் பக்கத்தில், உயிரற்ற ஒரு புன்னகையோடு நின்றாள்.

“அன்பார்ந்த...” என்று தொடங்கிய முனைவருக்குக் குரல் வரவில்லை. செருமினார். “அன்பார்ந்த நெய்தற் பெருமக்களே. நிலமென்னும் நல்லாள் இன்று தன் தா...” நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ‘தாயகம்’ ‘தா’வோடு நின்றது. உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் படகைத் தேடிக் கடலைப் பார்த்தார்.

“அம்மையே,” என்றார் தையல்நாயகியிடம். “பருகச் சிறிது நீர் கிடைக்குமா?”

அவள் கை தானாக அசைந்தது. சேலை முந்தானைக்குள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நடுக்கடல்ல நிக்கிறீங்கய்யா. இங்க நல்ல தண்ணி ஏது?”

“நான் விளையாடவில்லை.”

“நாங்களும்தாங்க.”

“கிணறு?”

“கடல்ல ஏதுய்யா கெணறு?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“குழாய்?”

“நீங்கதான் லைன வெட்டிட்டீங்க. மீனுக்கு எதுக்குக் குழான்னு.”

முனைவர் சுற்றிலும் பார்த்தார். வெடித்த வரப்பு, பழுத்து வாடிய அருகம்புல், காற்றில் எழும்பும் புழுதி. பக்கிரிசாமி முன்னால் வந்து நின்றார். கையைக் கட்டியிருந்தார். முனைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வதென்று முனைவருக்குத் தெரியவில்லை. தெரியாதபோது மனிதருக்குக் கோபம் வரும். கோபம் வந்தபோது, இத்தனை வருடம் இஸ்திரி போட்டு வைத்திருந்த தமிழ் கசங்கியது.

“என்னாங்கடா ஊரு இது,” என்றார். குரல் எங்கோ தெற்கத்திக் கடற்கரையிலிருந்து வந்தது. “ஒரு மடக்குத் தண்ணிக்கு வக்கில்ல. காலு வேவுது. ஒரே புழுதி, ஒரு மரம் இல்ல, மட்டை இல்ல. நாக்கு செத்துப்போச்சு. இது ஊரா? பாலைவனமால்ல கெடக்கு.”

காலரில் நீலம் அணைந்தது. ஒரு கணம் ஒன்றும் எரியவில்லை. பிறகு செம்மண் நிறத்தில் ஒரு பொட்டு எரிந்தது.

“ஆய்வு அலுவலரின் நேரடி வாய்மொழி ஏற்கப்பட்டது,” என்றது மதகில் இருந்த ஒலிபெருக்கி, அதே செய்தி வாசிக்கும் குரலில். “நுணாக்குடி: பாலை. நீர் வெளியேற்றம் தடை செய்யப்படுகிறது.”

உள்ளே ஏதோ கரகரவென்று சுழன்றது. தையல்நாயகி பலகைகளைப் பார்த்தாள். மேலே போகவில்லை. ஏற்கெனவே கீழே இருந்தவை இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கி, நங்கென்று உட்கார்ந்தன.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவள் மேடைக்குப் பின்னால் ஓடினாள். ஈரத்துணி சுற்றிய பானை அங்கே காலையிலிருந்து இருந்தது. சொம்பு நிறைய மொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

“குடிங்கய்யா. மன்னிச்சுக்குங்க. மொதல்லயே குடுத்திருக்கணும்.”

அவர் வாங்கினார். என்ன நடந்தது என்று புரிந்த முகத்தோடுதான் வாங்கினார். ஆனால் தாகம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சொம்பைக் கவிழ்த்துக் குடித்தார். பட்டுச் சட்டையெல்லாம் நனைந்தது. இரண்டாவது சொம்பையும் குடித்துவிட்டு மேடையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

“நான் சொன்னது தப்புன்னு மறுப்பு எழுதலாம்,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

“உங்க சொல்லுல பிழை வராதுன்னு விதி இருக்குங்க சார்,” என்றாள் ரிஸ்வானா பணிவாக. “நீங்க எழுதினது.”

அவர் கடல் பக்கம் பார்த்தபடி, “எங்க ஊரு நெசமாவே போயிட்டும்மா,” என்றார். “ஒரே ராத்திரி. முன்கூட்டி ஒருத்தரும் சொல்லல. சொல்லியிருந்தா எங்கப்பா இருந்திருப்பாரு. அதான் இந்த மிசின உண்டாக்குனேன்.”

தையல்நாயகியால் இப்போது அவரைத் திட்ட முடியவில்லை. அதற்காக விடவும் முடியவில்லை.

“சொல்றது நல்லதுதாங்க. வந்து சொல்லுங்க, எத்தன தடவ வேணாலும் கேக்கறோம். சொல்றது வேற, புடிச்சுத் தள்றது வேற. எங்க சோமு அண்ணன் கடல்ல போவலிங்க. உங்க வண்டியப் பாத்துக்கிட்டே போனாரு.”

முனைவர் போகும்போது செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

பாலை ஆனதில் ஒரு விசித்திரம் நடந்தது. வறட்சி நிலத்துக்குத்தான் முதல் தண்ணீர் என்று ஐந்திணையில் ஒரு விதி இருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியில் ஒரு மதகிலும் நிற்காமல், ஒரு பெருந்தோட்டத்துக்கும் வளையாமல், நேராகக் கடைக்கோடி நுணாக்குடிக்கு வந்தது. வாய்க்காலுக்குக் கடைசியில் இருப்பதாலேயே எப்போதும் மிச்சம் மீதி மட்டுமே பார்த்த ஊர், தன் வாய்க்காலில் நுரையோடு வந்த புதுத்தண்ணீரை நம்பாமல் கையில் அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்தது. உப்பில்லை.

ஐந்திணை பழைய பதிவுகளையும் தானாகவே திருத்திக்கொண்டது. சோமசுந்தரத்தின் சான்றிதழ் புதிதாக வந்தது: ‘பாலையில் வழிதவறி மறைந்தார். உடல் கிடைக்கவில்லை.’

நாற்றங்கால் பச்சைகட்டிய ஒரு காலையில், தையல்நாயகியும் பக்கிரிசாமியும் வரப்பில் நின்றிருந்தார்கள். வயல் தளும்பிக்கொண்டிருந்தது. கொக்குகள் இறங்கியிருந்தன. வானம் முழுக்க வயலுக்குள் கிடந்தது. பக்கிரிசாமி வாயைத் திறந்தார். பழைய பக்கிரிசாமி உள்ளே அசைவதை அவள் பார்த்தாள்.

“அண்ணே,” என்றாள் எச்சரிக்கையாக.

“ஒண்ணுஞ் சொல்லல தாயி.” வாயை மூடிக்கொண்டார். “தண்ணி நிக்கிது. அவ்வளவுதான்.”

கைபேசி அடித்தது. குறைகேள். திணை மாற்றத்துக்குப் பின் மக்களின் நிலையறியும் அழைப்பு; பஞ்சாயத்துத் தலைவி என்ற முறையில் அவள் கருத்து வேண்டுமாம். அவள் ஒலியைக் கூட்டி, பக்கிரிசாமிக்கும் கேட்கும்படி பிடித்தாள்.

“தங்கள் வயல் தற்போது எவ்வாறு உள்ளது? கடல் அல்லது பாலை எனக் கூறவும்.”

அவள் வயலைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக இந்தக் கேள்விக்கு அவள் உள்ளதைச் சொன்னதில்லை. சொன்னால் யாரும் வந்ததும் இல்லை.

“வயலு வயலா இருக்கு,” என்றாள்.

“மன்னிக்கவும். மீண்டும் கூறவும்.”

“வயலு வயலா இருக்கு. கணுக்கால் தண்ணி நிக்கிது. தெக்கு மூலைல கொஞ்சம் உப்பு பூத்திருக்கு, அதையும் எழுதிக்க. இன்னொண்ணு. சோமசுந்தரம்னு ஒருத்தர். கடல்ல மறையல, பாலைலயும் மறையல. ஆம்புலன்சு உள்ள வராம செத்தாரு. உடம்ப நாங்கதான் எரிச்சோம்.”

பக்கிரிசாமி தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எதிர்முனையில் சற்றுநேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

“மன்னிக்கவும். அத்தகைய வகை பட்டியலில் இல்லை.”

“இல்லன்னா சேத்துக்க,” என்றாள் தையல்நாயகி. “நான் லைன்லயே இருக்கேன்.”